படத்தில் விழுந்த அருவி

புகையை அவன் வரைந்து முடித்துவிட்டான்.

மெல்லிய வெள்ளைக் கோடு. மலையின் இடப்பக்க மடிப்பிலிருந்து மேலே போனது.

கண்ணில் பட்டதையெல்லாம் காகிதத்தில் ஏற்ற வேண்டும் என்பது துரையின் உத்தரவு. புது மலைகளைத் தேடி வந்தவர் அவர். வரைந்தால்தான் அவருக்கு அது மலை. அதற்காகவே தஞ்சாவூரிலிருந்து இவனை ஓவியனாகக் கூட்டிவந்திருந்தார்.

முன்னால் கூடையோடு நின்ற மலைக்காரி மாதி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்து படத்தைப் பார்த்தாள். மலையின் உயரம் சீமையில் இருப்பவர்களுக்குப் புரிய, ஓரத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டுமாம். காலையிலிருந்து நிற்கிறாள்.

அவள் விரல் புகையின் அருகே போய் நின்றது. தொடவில்லை.

"இத எடுத்துருங்க சாமி. அங்க இருக்கறது எம் புருசன்."



வழிகாட்ட வந்த பெட்டன்தான் அவள் புருஷன். துரையின் சவுக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காட்டுக்குள் ஓடியவன். கண்ட இடத்தில் சுடச் சொல்லியிருந்தார் துரை. இவள் அவன் பெண்டாட்டி என்பது அவருக்குத் தெரியாது.

நிமிர்ந்தான். மலையில் புகை அடங்கிவிட்டது.

காகிதத்தில் அடங்கவில்லை. காய்ந்த வண்ணம். சுரண்டினால் கிழியும்.

துரையின் கூடாரத் திரை விலகியது.

பட்டறையில் பழகிய கை. கறை விழுந்தால் அதைப் பூவாக்கிவிடும். தூரிகையை நனைத்தான். கோட்டின் ஓரத்தில் நீல நிழல். அடியில் கொஞ்சம் நுரை. இரண்டு பாறை.

துரை குனிந்து பார்த்தார். தொலைநோக்கியை மலைமேல் திருப்பினார். எங்கே அருவி என்று கேட்டார்.

காலை வெளிச்சத்தில்தான் மின்னியது, வெயில் ஏறியதும் மறைந்துவிட்டது என்றான்.

துரைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. எந்த வரைபடத்திலும் இல்லாத அருவி! அதற்குத் தன் பெயரையே வைக்கப்போவதாகச் சொன்னார். உடனே கிளம்ப வேண்டும் என்றார்.

சிப்பாய்கள் துப்பாக்கிகளை எடுத்தார்கள்.

காப்பாற்றப் போய்க் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று பதறினான். மாதியின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

வழி யாருக்குத் தெரியும் என்று கேட்டார் துரை.

"எனக்குத் தெரியும் தொர" என்றாள் மாதி.

அவள் முன்னால் நடந்தாள். ஓடை பிரியும் இடத்தில் வலப்பக்கம் திரும்பினாள்.

துரை நின்றார்.

படத்தை வாங்கி விரித்தார். அருவி இடப்பக்கம் இருந்தது.

படத்தைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

அவள் தப்பாகப் போகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊருக்குப் பத்திரமாகப் போய்ச் சேரலாம். ஊரை நினைத்தான். ஆசையாகத்தான் இருந்தது.

"அவ போறதுதான் வழி துரை. மலையச் சுத்திக்கிட்டுத்தான் ஏறணும்."

துரை படத்தைச் சுருட்டி அவனிடமே கொடுத்தார். அவளுக்கு அடுத்து நடக்கச் சொன்னார்.

துப்பாக்கிகள் அவனுக்குப் பின்னால் வந்தன.

தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தான்.