வாங்கில் இடம் இருக்கிறது

கொடிகாமம் சந்தை மூலையில் பஞ்சலிங்கத்தின் கோப்பிக்கடைக்குள் காலை வெயில் கிடுகுக் கூரையின் இடுக்குகளால் விழுகிறது. நீள மர வாங்கில் நாலு பேர் இருக்கிறார்கள். வெளியே லொறிக்கு மூட்டை ஏற்றும் முப்பது பேர், சாதி பார்த்துச் சிரட்டையில் ஊற்றித் தருவதைக் குடிக்க மனமில்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் குடித்தால்தான் கடை நிலைக்கும் என்பது மாதக்கணக்கான நட்டத்துக்குப் பிறகு பஞ்சலிங்கத்துக்கு விளங்கியிருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் குடிக்கும் பித்தளைப் பேணி ஒன்றில் கோப்பியை நிரப்பி, அவர்களில் வாசலோரம் நிற்கும் சின்னவியிடம் நீட்டுகிறார். “உள்ளுக்கு வந்து இருந்து குடி.” சின்னவி பின்னால் நகர்கிறான். “வேண்டாம் நயினார். பிறகு எனக்குத்தான் அடி விழும்.” வாங்கிலிருந்து நடராசர் எழும்புகிறார். “உனக்கென்ன விசரே, பஞ்சலிங்கம்? இனி நாங்கள் இந்தப் பக்கம் வரமாட்டம்.” நாலு பேரும் போய்விடுகிறார்கள். வியாபாரம் என்று நினைத்துச் செய்த காரியம்தான்; ஆனாலும் போனவர்களைப் பஞ்சலிங்கம் திருப்பிக் கூப்பிடவில்லை. நீட்டிய பேணியை அவர் இறக்கவில்லை. சின்னவி வேட்டியில் கைகளைத் துடைத்து, இரண்டு கையாலும் அதை வாங்குகிறான். சூடு சுட்டும் விடவில்லை. பஞ்சலிங்கம் வெறும் வாங்கைத் துடைக்கிறார். பிறகு வெளியே நிற்பவர்களைப் பார்த்து, இதுவரை அவர்களை ‘டேய்’ என்று மட்டுமே கூப்பிட்ட வாயால், “வாங்கோ, வந்து இருங்கோ,” என்கிறார்.