நூற்றுப் பன்னிரண்டு டிக்

அஸ்மத்துன்னிசாவின் பெயரைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லத்தான் சைதாப்பேட்டைக் கடன் ஆபீசுக்குப் படியேறினேன்.

கடன் என் மனைவி அமீனா பீயின் பெயரில். ஐந்து பெண்கள் சேர்ந்து வாங்கியது. ஒருத்தி தவணை தவறினால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஐந்து பேருக்கும் அடுத்த கடன் கிடையாது.

அந்த அடுத்த கடனை நம்பித்தான் என் தையல் மெஷினுக்கு மோட்டார் பேசி வைத்திருந்தேன்.

சமோசா விற்கிற அஸ்மத்துன்னிசா இரண்டு வாரமாகக் கட்டவில்லை.

முன்பு ஜவஹர் என்று ஒருவர் தவணை வாங்கத் தெருத் தெருவாக நோட்டோடு வருவார். மொத்தமே நாற்பது குழு. இப்போது நானூறாம். ஆபீசில் மூன்று பெண்கள், மூன்று கம்ப்யூட்டர். எனக்கு அது ஆகாது. நோட்டில் அடித்துத் திருத்தினால் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் என்ன செய்கிறார்கள் என்று யார் கண்டது?

வர்ஷினி என்கிற பெண்ணின் மேசையில் அமீனா பீயின் நோட்டைப் போட்டேன். படிக்கத் தெரியாது எனக்கு. எண்ணத் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு வாரம், நூற்றுப் பன்னிரண்டு டிக்.

“எங்க வூட்டுல ஒரு வாரம் தவறிக்கீதா, பாரு. அவ போண்டியானா நாங்க இன்னாத்துக்கும்மா அழணும்? பேரைத் தூக்கு.”

பக்கத்தில் நின்ற அமீனா பீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

வர்ஷினி எதையோ தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். நடுவில் சில வரிகள் மட்டும் மஞ்சளாக இருந்தன.

“நோட்டுல பணம் வந்துச்சுன்னுதான் இருக்கும் பாய். யார் கட்டினாங்கன்னு இதுலதான் இருக்கும். மஞ்சளெல்லாம் உங்க வீட்டுத் தவணைக்கு அஸ்மத்துன்னிசா கட்டினது.”

எண்ணினேன். பத்தொன்பது.

நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

போன வருஷம் கால் முறிந்து, ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக நாலரை மாதம் கிடந்தேன். தவணை என்னாச்சு என்றதற்கு, கட்டியாச்சு என்றாள் அமீனா பீ. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இப்போது அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோட்டாருக்கு முன்பணமாக வைத்திருந்ததைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். வாரம் எழுநூறு. இரண்டு வாரத்துக்கு ஆயிரத்து நானூறு. மேசையில் வைத்தேன்.

“இது அவ தவணை. எம்பேரு போடாத.”

வர்ஷினி தட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“கட்டினவங்க பேரு இல்லாம கம்ப்யூட்டர் பணத்தை ஏத்தாது பாய். உங்களுக்குக் கட்டினப்ப அஸ்மத்துன்னிசாம்மாவும் வாரா வாரம் இதையேதான் கேட்டாங்க.”