துண்டுக்குள் பேசிய விலை

பொலிகாளையின் கழுத்தில் தொங்கிய அட்டையை செந்தமிழ்செல்வன் மூன்றாவது தடவையாகப் படித்தான்.

தாய்ப்பசு வேளைக்கு ஒன்பது லிட்டர். இந்தக் காளைக்குப் பிறந்த கிடேரிகளில் பதினொன்று கறவைக்கு வந்து, ஒன்றுகூடச் சோடை போகவில்லை. விந்து சோதனை சரி என்று கால்நடை டாக்டர் கையெழுத்து. விலை இருபத்தெட்டாயிரம்.

அட்டையைப் படித்துக்கொண்டிருந்தால் கயிற்றைப் பிடித்து நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டாம், அதுதான் சங்கதி.

கயிற்றைப் பிடித்து நின்றது ராஜமாணிக்கம். கூடப் பிறந்த அண்ணன். இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

தப்பு தம்பி மேல்தான், அதில் ரெண்டு பேச்சே இல்லை. பொதுக்கிணறு இருந்த தன் பங்கு நிலத்தை அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியாளுக்கு விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனவன். மாரியம்மன் கோயில் வாசலில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து அண்ணன் சத்தியம் செய்தார். இனி இவனோடு பேசினால் என் நாக்கு அழுகிப் போகட்டும் என்று.

அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூணு கால்தான். அம்மாவின் பாடைக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். அப்போதும் பேச்சில்லை.

தம்பி சும்மா இருந்துவிடவில்லை. தாய்மாமன் தூது போனார், பங்காளிகள் போனார்கள். மனுஷன் மசிய வேண்டுமே.

குமராட்சியில் பால் சங்கத்துக்காரர்கள் பொலிகாளைச் சந்தை போடுகிறார்கள், சோதித்துத் தேறிய காளைக்குத்தான் உள்ளே இடம், உன் அண்ணனும் ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று ஒருத்தன் சொன்னபோதுதான் செந்தமிழ்செல்வனுக்கு அந்த யோசனை வந்தது.

மாட்டுக்கு விலை பேச வாய் வேண்டாம். கைக்கு மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே பேசி முடித்துவிடலாம். விலை கேட்டு நீட்டிய கையை விற்க வந்தவன் தட்டக் கூடாது, அது சந்தை வழக்கம்.

சத்தியம் வாய்க்குத்தானே. கைக்கு யார் சத்தியம் செய்தார்கள்?

தரகர் லூர்துசாமி வெளியூர்க்காரர். இவர்கள் அண்ணன் தம்பி என்பது அவருக்குத் தெரியாது. நான் பேசி முடித்துத் தருகிறேன் என்று குறுக்கே வந்தவரை ஒதுக்கிவிட்டு, செந்தமிழ்செல்வன் தோளில் கிடந்த துண்டை விரித்துக் கையை நீட்டினான்.

ராஜமாணிக்கம் காளையைப் பார்த்தார். எதிரே நின்ற மினி பஸ்ஸைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை. கையை மட்டும் துண்டுக்குள் விட்டார்.

அப்பா, என்ன சொரசொரப்பு. ஆள்காட்டி விரல் மடங்கவே இல்லை. நிஷா புயலில் கொட்டகை சரிந்து அண்ணனுக்குக் கையில் அடி என்று காதில் விழுந்திருந்தது. இவ்வளவு அடி என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அந்த விரலை அப்படியே பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.

ஆனால் விலை கேட்கத்தானே வந்திருக்கிறான். இருபது என்று விரலைப் பிடித்தான்.

அண்ணன் தலை இல்லை என்று ஆடியது.

இருபத்திரண்டு. இல்லை. இருபத்தைந்து. இல்லை.

ஒவ்வொரு விலைக்கும் நடுவில் யோசிக்கிற மாதிரி நேரம் கடத்தினான். அந்த நேரமெல்லாம் கை கையிலேயே இருந்தது. அக்கம்பக்கத்தில் ரெண்டு காளை விலை படிந்து வண்டி ஏறிவிட்டது.

இருபத்தெட்டு என்று பிடித்தான். அட்டையில் எழுதியிருந்த அதே விலை.

இல்லை.

செந்தமிழ்செல்வன் திகைத்துப் போனான். முப்பது என்று பிடித்தான். இல்லை. முப்பத்திரண்டு. அதற்கும் இல்லை.

கேட்டதற்கு மேலே கொடுத்தாலும் எனக்குக் கிடையாதா? ஊரில் எவனுக்கு வேண்டுமானாலும் விற்பார், தம்பிக்கு மட்டும் மாட்டார். வந்ததே தப்பு, போதுமடா சாமி என்று கையை உருவினான்.

கை வரவில்லை.

மடங்காத அந்த ஒரு விரலை விட்டுவிட்டு மற்ற விரல்களெல்லாம் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. எந்தச் சந்தையிலும் அப்படி ஒரு விலை கிடையாது.

லூர்துசாமிக்குப் பொறுமை போய்விட்டது. எவ்வளவு நேரமாகத்தான் தலையை ஆட்டுவீர்கள், ஆள் கேட்கிற விலை கட்டவில்லையா, இல்லை காளையை விற்கவே மனசில்லையா என்று ராஜமாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

ராஜமாணிக்கம் தரகர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"இவனுக்குப் பொலிகாளை எதுக்குய்யா? ஒரு பசு கெடையாது இவங்கிட்ட. திருப்பாப்புலியூர்ல ஜெராக்ஸ் கடை வச்சிக்கினு, ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கான். எங்க கொண்டு போயி கட்டுவான்?"

செந்தமிழ்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். துண்டுக்குள் அண்ணன் பிடி தளரவில்லை.

அந்த மாடி வீட்டுக்கு அவன் குடிபோனது போன மாசம்தான். விலாசத்தை ஊரில் ஒருத்தருக்கும் அவன் இன்னும் சொல்லவில்லை.