பாதி ஓசூர், பாதி அத்திப்பள்ளி

"கையெழுத்துப் போடுறியா, இல்ல வேலையை விட்டுட்டுப் போறியா?"

ஓசூர் சிப்காட் பக்கம் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளி சிவராஜ் போட்ட சத்தத்தில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் மெஷினையே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே பிரவீனா. சேர்ந்து மூன்று மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இது போனால் மறுவாரமே வீட்டில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

போச்சம்பள்ளித் தொழிற்சாலை ஒன்றுக்கு, கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப். நாளைக்குக் கொடுக்கவேண்டும். 'உள்ளே உள்ள லைசென்ஸ் எல்லாம் சரி' என்று அதைச் சரிபார்க்கும் பிரவீனா கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவார்கள்.

"சார், யாரோ எழுதி நெட்ல இலவசமா போட்ட ரெண்டு புரோகிராம் பேக்கேஜை உள்ள சேர்த்திருக்கோம். ஒண்ணு, 'என்னை எடுத்துக்கோ, ஆனா விளம்பரம் கொடுத்தா அதுல என் பேரைப் போடணும்'ங்குது. இன்னொண்ணு, 'என்கூடச் சேர்றவங்க என் நிபந்தனைக்கு மேல வேற எந்த நிபந்தனையும் வைக்கக் கூடாது'ங்குது. ரெண்டையும் ஒண்ணா கொடுத்தா தப்பு சார்."

"இலவசம்னா இலவசம்தானே! அதுல என்னம்மா நிபந்தனை?"

"எழுதினவங்க அப்படித்தான் கொடுத்திருக்காங்க சார். ஒண்ணைத் தூக்கிட்டு நாமளே எழுதிடலாம். நாலு நாள் ஆகும்."

"நாலு மணி நேரம்கூடக் கிடையாது!"

சட்டென்று சிவராஜுக்கு ஞானம் பிறந்தது. கர்நாடகா பர்மிட் இல்லாத வண்டியை எல்லையோர ஜூஜூவாடியிலேயே நிறுத்தி, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பும் ஊர்க்காரர் ஆயிற்றே! எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார்.

"பாவா, நிம்ம அங்கடியல்லி ஒந்து கம்ப்யூட்டர் பேக்கு!"

மச்சான் கடையில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று கன்னடத்தில் சொல்லிப் போனை வைத்துவிட்டு வெற்றியோடு திரும்பினார். "ஒண்ணு ஓசூர்ல இருக்கட்டும், இன்னொண்ணு அத்திப்பள்ளியில. ஸ்டேட்டே வேற! இப்ப எப்படிம்மா ஒண்ணா சேரும்?"

"வாங்குறவங்க போன்ல ஒண்ணாத்தானே சார் இறங்கும்?"

"அய்யய்ய, எல்லாத்துக்கும் ஒரு பதில்!" மேஜையைக் குத்தினார். "எவன்ம்மா அந்த விளம்பரப் பைத்தியம்? எழுதினது நாலு வரி, அதுக்குப் போஸ்டர்ல பேர் வேணுமாம்! கூச்சங்கெட்டவன்! கூப்பிடு அவனை. அவன் விட்டுக்கொடுக்கலேன்னா நீ கிளம்பு."

"அவர் அந்த நிபந்தனை வேணாம்னு எழுதிக் கொடுத்தா அஞ்சு நிமிஷ வேலைதான் சார். மெயில் போட்டா திரும்பி வருது. பேக்கேஜை நெட்ல போட்டே பதினாறு வருஷம் ஆச்சு. அசல் பேர்கூட இல்ல, 'ஓசூர் சூறாவளி'ன்னு இருக்கு."

மூலையில் இருந்த பங்குதாரர் நசருல்லாவுக்கு டீ புரையேறியது. சிவராஜோடு ஒரே காலேஜில் படித்தவர் அவர்.

"டேய் சிவா! நீ பைக் டேங்க்ல எழுதி வெச்சிருந்த பேருடா அது!"

சிவராஜ் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தார்.

"அட, ஃபைனல் இயர்ல நான் எழுதினது! இன்னுமா ஓடுது?"

பிரவீனாவுக்குப் போன உயிர் வந்தது. "அப்பாடா! சார், நிபந்தனை வேணாம்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

சிவராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அதெப்படிம்மா? ஒருத்தன் சோறு தண்ணியில்லாம உழைச்சு எழுதியிருக்கான். லைசென்ஸ்னா ஒரு மரியாதை வேணாமா? அந்த இன்னொரு பேக்கேஜைத் தூக்கு. நாலு நாள் என்ன, எட்டு நாள் எடுத்துக்க, போச்சம்பள்ளிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். உன் வேலையும் இன்னையிலேருந்து நிரந்தரம்."

வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"விளம்பரத்துல மட்டும் அந்தப் பேர் கொஞ்சம் பெருசா வரட்டும்மா."