ஆறரை மணி பஸ்

மாலை இருட்டில், குஷாய்குடாவில் ஆறரை மணி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எபனேசர் கையை நீட்டினார். காத்திருந்த அவர் மனைவி லோயிஸ் அதைப் பற்றிக்கொண்டாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் கைகோத்துக்கிட்டுதான் போறீங்க!" எதிரே வந்த பக்கத்து வீட்டு ஜுலைகா சிரித்தாள்.

"ஹவ், ஆமா, விட்டா ஓடிடுவார்," என்றாள் லோயிஸ்.

உண்மை அவர்கள் இருவருக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். என்றோ வந்த காமாலைக் கிருமி எபனேசரின் ஈரலிலேயே தங்கிவிட்டது. அதனால் உடம்பில் வைட்டமின் ஏ குறைந்து, பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் தெரியாது. ஃபாக்டரியில் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து.

"கிருமியை விரட்ட மருந்தில்லை. பார்வையை மீட்கலாம். ஆனா வைட்டமின் அளவு மீறினா ஈரலுக்குக் கெடுதல்," என்று டாக்டர் பார்த்துப் பார்த்துத்தான் மாத்திரை கொடுத்துவந்தார்.

"பள்ளம் வருது, இடது பக்கம் வாங்க," என்றாள் லோயிஸ்.

"இந்தப் பச்சைப் புடவை உனக்கு நல்லா இருக்கு."

சொன்ன பிறகுதான் எபனேசர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எப்பலேருந்து தெரியுது?"

"போன மாசத்திலேருந்து. சொன்னா நீ பஸ்ஸுக்கு வரமாட்டியேன்னு..."

"போன வாரம் நான் சொல்ல மறந்த பள்ளத்தை நீங்களே தாண்டுனீங்க. அப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா தினம் வந்தே?"

"பின்னே? இந்தப் புடவையை யாருக்குக் காட்டக் கட்டிக்கிட்டு வந்தேன்?"