அன்னபாக்கியத்தின் சந்தேகம்

"அய்யா, அங்கன எல்லார் முன்னாலயும் வச்சா சொல்லுவாக? தனியாக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாகளா?"

அன்னபாக்கியம் எழுந்து இப்படிக் கேட்டதும் பெண்கள் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கோவில் மணி அடித்தால் வருவாள், ஆமென் சொன்னால் போவாள். அந்த வாயில்லாப் பூச்சிக்கு இன்றைக்கு என்ன வந்தது?

எழுபத்தெட்டாம் வருஷம், ஆடித் தவசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த வாரம். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பிரசங்கியார், விசுவாசிகளுக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தார்.

அது நரகத்துக்கு அனுப்புகிற தீர்ப்பு இல்லையாம். இரட்சிக்கப்பட்டவர்களைக் கிறிஸ்து தம் முன்னால் நிறுத்தி, அவரவர் செய்த வேலையை நெருப்பில் போட்டுப் பார்ப்பாராம். எரியாமல் மிஞ்சினால் கிரீடமாம்.

"கிரீடம் எல்லாருக்கும் ஒரே அளவாய்யா? எனக்குத் தலை பெருசு" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்க, ஒரே சிரிப்பு.

பிரசங்கியாரும் சிரித்துவிட்டு அன்னபாக்கியத்திடம் சொன்னார். "எல்லார் முன்னாலயும்தாம்மா. மறைவாச் செஞ்சது ஒண்ணுகூட அங்க மறைஞ்சிருக்காது."

"ஒருத்தர் செஞ்சதச் சொன்னா, கூடச் சேந்தவுக சங்கதியும் வெளிய வருமோ?"

"வரத்தானம்மா செய்யும்."

அன்னபாக்கியத்தின் முகம் செத்துப் போய்விட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போதாதா செல்லக்கனிக்கு? பெண்கள் சங்கத் தலைவி அவள். உப்பைக்கூட எண்ணிப் போடுகிற சிக்கனக்காரி. ஆனால் சபைக்கென்றால் குறை வைக்க மாட்டாள். கைப்பிடி அரிசியில் அவள் வீட்டுப் பைதான் எப்போதும் புடைப்பாக இருக்கும்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனியாகப் பையில் போட்டு வைப்பார்கள், அதுதான் கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை பைகளைக் கட்டினபடியே பீடத்தருகே வைத்து, பேர் வாசித்து ஜெபிப்பார்கள். பிறகு அன்னபாக்கியம் பின்னறையில் தனியாக உட்கார்ந்து அவிழ்த்து அளந்து, போர்டிங்கில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளின் கஞ்சிக்கு அனுப்புவாள்.

கூட்டம் முடிந்த கையோடு செல்லக்கனி, சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னறையில இருந்து வாரப்பல்லாம் மடியப் பொடச்சுக்கிட்டுத்தான் வாரா. பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இப்பல்லா வெளங்குது! கூட ஆள் வேற உண்டும்போல. பிள்ளைக கஞ்சியிலயாய்யா கைய வைக்கது?"

"விசாரிக்காமச் சொல்லக் கூடாதும்மா."

"விசாரிங்க. நெசம்னா, வார ஞாயித்துக்கிழமை சபையில பேரச் சொல்லி அவள அரிசி அளக்க வேலைய விட்டு நிறுத்திரணும். இல்லன்னா எங்க வீட்டுப் பை இனி வராது, ஆமா!"

உபதேசியாருக்கு நம்பவும் மனசில்லை, விடவும் மனசில்லை. அந்தக் கேள்வியை அன்னபாக்கியம் எதற்குக் கேட்டாள் என்று அவருக்கே குறுகுறுப்பாக இருந்தது. மறுநாள் அவளை வரச் சொன்னார். செல்லக்கனியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா இருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன்யா" என்றாள் அன்னபாக்கியம்.

"பாத்தியளா! மடியில கனம் இருக்கப் போயித்தான் இந்தப் பயம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள் செல்லக்கனி. போனவள் வீட்டுக்கா போனாள்? சுற்றி வந்து ஜன்னலோரம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"சொல்லும்மா. மடியில என்ன கொண்டு போறே?"

"உமிய்யா."

"உமியா?"

"ஒரு வீட்டுப் பையில மேல ரெண்டு பிடிதான் அரிசி இருக்கும். கீழ பூரா உமி. அத அங்கனயே கொட்டுனா யாரு வீட்டுதுன்னு கேள்வி வரும்லா? அதான் கட்டிக் கொண்டுபோயி எங்க வீட்டு அடுப்புல போட்டுருதேன். போகும்போதே எங்க அரிசியக் கொஞ்சம் மடியில கொண்டுபோயி, கொறையிறத நெரப்பி வச்சிருதேன்."

உபதேசியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "கர்த்தருக்கே உமியக் குடுக்குற அந்த மகராசி யாரு?"

"அவுக மேல தப்பில்லய்யா, அவுக அரிசிதான் போடுதாக. அவுக மருமவ மாசமா இருக்கா. வயித்துக்குப் பத்தல. பையில கைய விட்டு அரிசியப் பச்சையாவே தின்னுருதா. பை சப்பையாத் தெரியக் கூடாதுன்னு உமியப் போட்டு அமுக்கிருதா. கேட்டதுக்கு எங்கையப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டா. அவளுக்கும் சேத்துத்தான் ரெண்டு வாய் ஆக்கிக் குடுக்கேன்."

உபதேசியார், "அட பைத்தியமே, இதுக்கா மூஞ்சிய அப்படி வச்சிருந்தே? இதுக்கெல்லாம் அங்கன ஒனக்குக் கிரீடம்லா குடுப்பாக!" என்றார்.

"அதான்யா பயமா இருக்கு. குடுக்கும்போது எதுக்குன்னு வெவரஞ் சொல்லுவாகளே! நீங்க வெளிய சொல்ல மாட்டியள்லா? எனக்குக் கிரீடமே வேண்டாம்னு சொல்லிப் பாக்கட்டுமாய்யா? மாசமா இருக்க மருமவளப் பட்டினி போட்டாகன்னு அம்புட்டுப் பேரு முன்னால கேட்டா, பாவம், செல்லக்கனி அக்கா எப்படித் தாங்குவாக?"