பழைய துறைமுகத்தில் ஒரு பகல்

அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

செருப்பு கடிக்கிறது என்று சொல்லிவைத்தாள். பொய். சாயங்கால ரயிலுக்கு அத்தானை அனுப்பிவைக்க மனமில்லை, அவ்வளவுதான். இனி இந்தப் பக்கம் வர உடம்பு இடம் கொடுக்காது என்று வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்.

காலையிலிருந்து தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

கொழும்பிலிருந்து வந்திருக்கும் தொபியாஸ், அவளுடைய அத்தை மகன், எதைக் கண்டாலும் நின்றுவிடுகிறார். உப்புக்காற்றில் உதிர்ந்துபோன சரக்குக் கிட்டங்கிச் சுவர். வெங்காய மூட்டை ஏற்றுகிற தோணி. தோணியைக் கண்டதும் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பு வேறு.

"இப்பம் பாய் கட்டலையா?"

"இன்ஜின்தான். நீங்க போன காலத்துலயே நிக்கியளா?"

கடையில் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். ஒரு காலத்தில் இதே மக்ரூனைக் காகிதத்தில் பொதிந்து அவள் வீட்டு ஜன்னலுக்குள் போட்டுவிட்டு ஓடியவர்தான். அவள் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொண்டாள். இனிப்பு ஜாஸ்தி என்று சமாளித்தாள்.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அத்தான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவளும்தான்.

தோணித்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்தபோது அவர் கேட்டார். கடலைப் பார்த்துக்கொண்டுதான்.

"கித்தேரி, நான் தோணி ஏறுன அன்னைக்கு இந்தப் படியிலதானே நின்னுக்கிட்டிருந்த. ஏன் கூப்பிடல? ஒரு குரல் குடுத்திருந்தா தண்ணிக்குள்ள குதிச்சு வந்திருப்பேன்."

அடக் கடவுளே! இதற்காகவா இத்தனை வருஷம்!

"கெளம்புதவங்கள பின்னால நின்னு கூப்பிடலாமா அத்தான்? நடுக்கடல்ல உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

அவர் கடலை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ என்னைய வேண்டாம்னுட்டன்னுல்லா நெனச்சேன்."

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வெயில் சாய்ந்தது. சாலையோரம் ஆட்டோ வந்து நின்றது. அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாரேன் என்றார். நடந்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ரத்தத்தில் ஊறிய பழக்கம் சும்மா விடுமா?

பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அறுபதைத் தாண்டிய பொம்பளை ஓடுவதைத் துறைமுகமே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே!

அவரைத் தாண்டிப் போய், ஆட்டோவை மறித்துக்கொண்டு, நேருக்கு நேர் நின்றாள்.

மூச்சு இரைத்தது.

பயணம் புறப்படுகிறவரிடம் ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"எங்க போறிய?"

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.